பலகை இல்லாத செடி

நடந்ததைச் சொல்வதற்கு முன், அது தொடங்கிய காலத்தில் நான் எந்த நிலையில் இருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, துறைத் தலைவராக ஓய்வு பெற்றவன் நான். இம்மாவட்டத்துச் செடிகொடிகளைப் பறித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயரெழுதிய தொகுப்பு ஒன்று எங்கள் கல்லூரியில் உண்டு. அதன் பெரும்பகுதி என் கையெழுத்து. மலைச்சரிவில் அறியாத செடி ஒன்றைக் கண்டவர்கள் அதை ஈரத்துணியில் சுற்றி வேங்கிக்காலில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்து பெயர் கேட்பது வழக்கம். தெரியாததைத் தெரியும் என்று நான் சொன்னதாக இதுவரை ஒருவரும் குறை கூறியதில்லை. பூவைக் காணாமல் பெயர் சொல்லக் கூடாது என்பது, ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலேயே நான் கரும்பலகையில் எழுதிப்போடும் விதி. அந்த விதியை நான் மீறியதில்லை. இந்தக் கதையில் எனக்குள்ள பெருமை அவ்வளவுதான்.

என் மனைவி அடி அண்ணாமலையைச் சேர்ந்தவள். அவள் தந்தையின் நிலம் ஊருக்கு அப்பால், ஏரியை ஒட்டிக் கிடந்தது. நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த அந்த நிலத்தில், அவர் காலத்துக்குப் பிறகு என் மைத்துனன் ஐந்து காட்டேஜ்கள் கட்டினான். மலை சுற்ற வந்து மாதக்கணக்கில் தங்கிவிடுகிறவர்கள் அவற்றை வாடகைக்கு எடுப்பார்கள். கட்டடம் முடிந்ததும் தோட்டத்துக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டான். தன் மனத்தில் இருந்ததையும் அவனே சொன்னான்.

"புல்தரை போட்டு, குரோட்டன்ஸ் வெச்சி, நடுவுல ஒரு புத்தர் செலை வெச்சிடலாம் மாமா. இப்ப எல்லாரும் அதான் பண்றாங்க."

நான் மறுத்தேன். இந்த மண்ணில் தாமாக வளரக்கூடியவற்றை மட்டுமே வைப்போம் என்றேன். காட்டில் அவை எப்படி நெருங்கியும் விலகியும் நிற்கின்றனவோ அப்படியே நிற்கட்டும். வரிசையும் வேண்டாம், கத்தரிக்கோலும் வேண்டாம் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். ஆனால், என் பெயரைச் சொல்லிக்கொள்வது தன் காட்டேஜ்களுக்கு மதிப்பைத் தரும் என்று கணக்கிட்டோ என்னவோ, ஒப்புக்கொண்டான்.

வரைபடத்தாளில் திட்டம் போட்டேன். முதலில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தோம். காட்டேஜ்களுக்குப் பின்னால் புங்கமும் நீர்மருதும், சுவரோரம் நொச்சியும் ஆவாரையும், அவற்றுக்கு அடுத்துப் புற்கள், அதற்கும் கீழே வெட்டிவேர். திட்டம் வெட்டிவேரோடு முடிந்தது. அதற்குக் கீழே, ஏரி நிரம்பிய ஆண்டில் மட்டும் நீர் வந்து தொடும் சரிவு ஒன்று இருந்தது. அதை நான் வெற்றிடமாக விட்டிருந்தேன்.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு தகரப் பலகை. பச்சை வண்ணத்தின் மேல் வெள்ளை எழுத்தில் தாவரவியல் பெயர், தமிழ்ப் பெயர், குடும்பம். நகரத்தில் போர்டு எழுதும் ஒருவரை அமர்த்தி, எழுத்துப் பிழை வராதபடி பக்கத்தில் நின்று எழுதுவித்தேன். என் மனைவி அவற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நம்ம கல்யாணப் பத்திரிகைல என் பேரக் கூட இவ்ளோ பெருசா போடல."

அந்தச் சரிவை அவள் எடுத்துக்கொண்டாள். நான் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மாலை நேரத்தில் நான் புங்கங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு கீழே இறங்குவாள். வாய்க்கால் ஓரத்திலிருந்து பிடுங்கி வந்த பொடுதலை, ஊதாப்பூப் பூக்கும் நீர்முள்ளி, தும்பை, கோரை, இன்னும் என்னென்னவோ. எதையும் அளந்து நட மாட்டாள். ஈரம் எங்கே தங்குகிறது, எங்கே வடிகிறது என்று காலால் மிதித்துப் பார்த்து, அங்கே ஒரு குத்து, இங்கே ஒரு குத்து என்று ஊன்றுவாள். அந்த ஏரியின் கரையில் ஓடி வளர்ந்தவள். இரண்டு மழைக்காலத்துக்குள் அந்தச் சரிவு, மனிதர் கை பட்டதென்று சொல்ல முடியாத ஓர் அடர்த்திக்கு வந்துவிட்டது. நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் செய்திருந்தாள். இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

ஒரு நாள் கேட்டாள். "என்னங்க, என் பக்கத்துக்கு ஒரு போர்டும் கெடையாதா?"

மறுக்க மனமில்லாமல் கோரைக்கு மட்டும் ஒரு பலகை எழுதி வைத்தேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, என்னுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர் குடும்பத்துடன் தோட்டம் பார்க்க வந்தார். கோரையின் பலகை முன் நின்று உரக்கப் படித்தார். பிறகு, ஏரியில் முதுகு மட்டும் தெரியப் படுத்துக்கிடந்த எருமைகளைக் காட்டினார்.

"சார், அதுங்களுக்கும் ஒரு போர்டு வெச்சிடுங்க. பாலூட்டி வகைன்னு நான் எழுதித் தரேன்!"

அவருடைய மருமகள் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நான் மறுநாள் காலையில் சென்று அந்தப் பலகையைப் பிடுங்கிக் கிடங்கு அறையில் வைத்துவிட்டேன். அவள் அதைக் கவனித்தாள். அதற்குப் பிறகு அந்தச் சரிவில் ஒரு பலகையும் நிற்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஏரி முழுவதுமாக நிரம்பியது. நீர் சரிவின் அடியைத் தொட்டது. தொட்ட இடத்தில், நாங்கள் யாரும் நடாத செடி ஒன்று முளைத்தது. முழங்கால் உயரம், நான்கு பக்கத் தண்டு, எதிரெதிராக இலைகள், கணுக்களில் மட்டும் சிவப்பு. என் மனைவி அதைக் கண்டதும் கன்றுக்குட்டியைக் கண்டவள்போல் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இது இன்னும் இருக்குதா! ஏரி ரொம்பினாதாங்க இது வரும். வத்திச்சினா போயிடும். நான் பாவாட கட்டன வயசுல பாத்தது."

"பெயர் என்ன?"

"பேரா? யாருக்குத் தெரியும். நீங்கதான் சொல்லணும்."

இலையைக் கசக்கி முகர்ந்தேன். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குடும்பத்தை ஊகிக்க முடிந்தது. அதற்கு மேல் முடியவில்லை. பூக்கட்டும், பார்க்கலாம் என்றேன்.

"பூத்தா போர்டு வெப்பீங்களா?"

"பூத்து, பெயரும் உறுதியானால் வைக்கிறேன்."

"எருமைய காட்டி யாரு சிரிச்சாலும்?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். தினமும் அந்தச் செடியைப் பார்க்கப் போனாள். இரண்டு வாரத்தில், கடுகளவில் மொட்டுகள் தோன்றின.

அந்த நாட்களிலேயே அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சரிவில் இறங்கியவள் ஏறி வரும்போது இரண்டு இடத்தில் நின்றாள். இதய வால்வில் பழுது என்றும், சென்னையில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். எங்கள் மகள் அங்கே இருக்கிறாள். அவள் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தாள். புறப்படும் நாளில் என் மனைவி மருத்துவத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வண்டியில் ஏறும் முன், "மொட்டு வெச்சிருக்கு. பூத்துச்சினா யாரையாவது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

ஆனால் அதற்கு முந்தைய நாள் நான் வேறொரு காரியம் செய்திருந்தேன்.

தீபத்துக்கு ஐந்து காட்டேஜ்களும் நிறைந்துவிட்டன என்று மைத்துனன் வந்திருந்தான். ஆண்டுதோறும் தீபத்துக்கு முன் வெள்ளையடித்து, வளாகத்தைச் சுத்தம் செய்வது அங்கே வழக்கம்.

"மாமா, கோச்சிக்காதீங்க. மழை வேற ஜாஸ்தி. எடமே பொறம்போக்காட்டம் கீது. ரூமுக்கு வர்றவங்க பாம்பு இருக்குமானு கேக்கறாங்க. ஆளு வுட்டு எல்லாத்தையும் வழிச்சி எடுத்துடறேன்."

எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். ஊரிலிருந்து களையெடுக்கும் பெண்கள் ஆறு பேர் வந்திருந்தனர். அவர்களுக்குத் தலைவியாக இருந்த அம்மாள் எனக்குப் பழக்கம். பத்தாம் வகுப்பு வரை படித்தவர்; என் மனைவியை அக்கா என்று அழைப்பவர். அவரிடம் விளக்கினேன்.

"போர்டு இருந்தா சாமி, இல்லன்னா களை. அவ்ளோதான சார்?" என்று சிரித்தார்.

"அவ்வளவுதான்" என்றேன். வாய்மொழியாக உத்தரவிடுவது என் பழக்கமில்லை. பையிலிருந்து தாளை எடுத்து எழுதினேன்: 'பெயர்ப்பலகை உள்ள செடிகளைத் தொடக் கூடாது. பெயர்ப்பலகை இல்லாதவை அனைத்தும் களைகளாகக் கருதப்பட்டு, வேரோடு அகற்றப்பட வேண்டும்.' கீழே கையெழுத்திட்டு, துறைத் தலைவர், ஓய்வு, என்றும் எழுதினேன். அந்த அம்மாள் அதை மற்றவர்களுக்கு ஒரு சொல் விடாமல் படித்துக் காட்டினார். பிறகு மடித்து, தம் கைப்பேசியின் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

எழுதும்போது என் மனத்தில் இருந்தவை வரைபடத்தாளில் இருந்த செடிகள். மனைவியின் உடல்நிலை பற்றிய கவலையில் சரிவை மறந்துவிட்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள் நம்புவார்கள். முழு உண்மை அதுவன்று. அந்தச் சரிவை என் தோட்டத்தின் ஒரு பகுதியாக நான் ஒருநாளும் எண்ணவில்லை.

அறுவைச் சிகிச்சை நடந்த நாள் காலை, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மகளும் நானும் நின்றுகொண்டிருந்தோம். அந்த அம்மாளிடமிருந்து அழைப்பு வந்தது.

"சார், அக்காவுக்கு ஆபரேசன் ஆயிடுச்சா? எப்படி இருக்காங்க?"

"உள்ளே இருக்காங்க. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல சார். வேல ஆரம்பிச்சிட்டோம். ஏரிப் பக்கம் கீழ சரிவுல போர்டே இல்லாம நெறைய நிக்குது. அக்கா வெச்சதாட்டம் தெரியுது. எடுத்துடவா, வுட்டுடவா?"

"தாளில் என்ன எழுதியிருக்கேன்?"

"போர்டு இல்லாததெல்லாம் களைன்னு சார்."

"பிறகு எதுக்குக் கேக்கறீங்க? அதன்படி செய்யுங்க."

"இல்ல சார், அக்கா…"

எழுத்தில் தெளிவாகக் கொடுத்ததை ஒருவர் இரண்டாம் முறை கேட்பது எனக்கு என்றுமே பிடிக்காது. தாளின்படி செய்யுங்கள் என்று மறுபடியும் சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். அந்த நேரத்தில் மருத்துவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றார். மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

மாலையில், கண்ணாடி வழியாக மனைவியின் முகத்தைப் பார்க்க அனுமதித்தார்கள். மூக்கில் குழாயுடன் உறங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மொட்டுகள் நினைவுக்கு வந்தன. வெளியே வந்து அந்த அம்மாளை அழைத்தேன்.

"முடிஞ்சிடிச்சி சார். சுத்தமா ஆயிடுச்சி. உங்க போர்டு ஒண்ணக் கூடத் தொடல" என்றார். அவர் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. பாராட்டுக்குக் காத்திருப்பதுபோல் நான் எடுத்துக்கொண்டேன்.

"நல்லது" என்றேன்.

மூன்றாம் நாள் அவள் பேசினாள். முதலில் தண்ணீர் கேட்டாள். பிறகு, "பூத்துச்சா?" என்றாள்.

"இன்னும் இல்லை" என்றேன். அது பொய்யன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு மகளின் வீட்டில் ஓய்விலிருந்த வாரங்கள் முழுவதும் அதே கேள்வியை அவள் கேட்டாள். அதே பதிலை நான் சொன்னேன். "என்னா செடிங்க இது, இவ்ளோ பிகு பண்ணுது" என்று ஒருமுறை சிரித்தாள். சிரித்தபோது தையல் வலித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து ஊர் திரும்பினோம். கீழ்பென்னாத்தூரைத் தாண்டியதும் மலை தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல், "வூட்டுக்கு அப்புறம் போலாம். நேரா ஏரிக்கு வுடச் சொல்லுங்க" என்றாள். அங்கிருந்து ஏரி வரை எனக்கு நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். அவள் உடல் தாங்குமோ என்று அஞ்சினேன் என்பது ஒரு காரணம். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்பதே பெரிய காரணம்.

மைத்துனன் வாயிலில் நின்றிருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் புங்கமரங்களையும் நொச்சியையும் கடந்து, வெட்டிவேர் வரை நடந்தாள். அங்கே நின்றாள். கீழே சரிவு வழித்தெடுத்த பானைபோல் இருந்தது. களைக்கொத்து விழுந்த தழும்புகள் மண்ணில் காய்ந்திருந்தன. என் பலகைகள் மேலே, பச்சையும் வெள்ளையுமாக, ஒன்றுகூடச் சாயாமல் நின்றன.

"மொட்டா இருந்துச்சி" என்றாள்.

மைத்துனன் அவசரமாகப் பேசினான். "ஆளுங்க தெரியாம எடுத்துட்டாங்கக்கா. எழுதப் படிக்கத் தெரியாத ஜனம். மாமா எழுதிக் குடுத்தாருதான். அதுங்களுக்கு என்னா புரியும்?"

அவன் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னான்.

"யாரு வந்தது வேலைக்கு?"

அவன் அந்த அம்மாளின் வீட்டை அடையாளம் சொன்னான்.

"அவளா? அவ பத்தாவது படிச்சவளாச்சேடா. ஊர்ல பாதி பேருக்கு மனு எழுதிக் குடுக்கறதே அவதான்" என்று சொல்லி, என் முகத்தைப் பார்த்தாள்.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டபோது அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீர் ஏற்கெனவே பின்வாங்கத் தொடங்கியிருந்தது.

"சரி வுடு. ஏரி ரொம்பினா திரும்ப வரும்" என்றாள். தம்பியிடம்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சண்டையிட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வழக்கம்போல் பேசினாள், சமைப்பவரிடம் உப்பைக் கம்மியாகப் போடச் சொன்னாள், மகளுடன் தொலைபேசியில் சிரித்தாள். ஏரிக்கு மட்டும் போகவில்லை. நடப்பது நல்லது என்று மருத்துவர் சொன்னாரே, ஏரிப்பக்கம் போகலாமா என்று இரண்டு முறை அழைத்தேன். "வெயில் தாழட்டும்" என்றாள் ஒருமுறை. மறுமுறை, "அங்க எனக்கு என்ன இருக்கு" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

கிடங்கு அறையிலிருந்து கோரையின் பலகையைத் தேடி எடுத்து, துடைத்து, வீட்டு மாடிப்படியின் கீழே கொண்டுவந்து வைத்தேன். மழை வந்ததும் சரிவில் அவள் கையாலேயே ஊன்றச் சொல்லலாம் என்று எண்ணினேன். ஆடி மாதம், ஒரு விடியற்காலை, காப்பி போடுவதற்கு எழுந்தவள் சமையலறை வாயிலில் உட்கார்ந்தாள். எழவில்லை. மழைக்காலத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

காரியத்தன்று ஊரிலிருந்து பலர் வந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தவர்கள் அவளைப் பற்றிப் பேசியபோது ஏரிச்சரிவையும் பேசினார்கள். "பாவம், ஆசையா வெச்ச செடி. படிக்காத ஜனங்க புடுங்கிப் போட்டுட்டாங்களாம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அந்தப் பெண்களை மைத்துனன் அதன் பிறகு வேலைக்கு அழைக்கவில்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நகரத்திலிருந்து வேறு ஆட்கள் வருகிறார்களாம்.

அந்த அம்மாளும் வந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழும் தொலைவில்தான் பேசப்பட்டது. அவர் சாப்பிடாமல், விடைபெறும் நேரத்தில் என்னிடம் வந்தார். கைப்பேசி உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

"உங்க பேப்பர் சார். வெச்சிக்குங்க."

வாங்கிக்கொண்டேன்.

"அக்கா கையால வெச்சது. மனசு வரல. அதான் சார் அன்னிக்கு போன் பண்ணேன்" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தாளைப் பந்தியில் எடுத்துக் காட்டியிருந்தால் அவர் பெயர் நிலைத்திருக்கும். என் பெயர் போயிருக்கும். அவர் காட்டவில்லை. நானும் அன்று வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் என் பழைய மாணவர்கள் இருந்தார்கள்.

இந்த ஆண்டு மழை குறைவு. ஐப்பசி முடிந்து கார்த்திகையும் பாதி கடந்துவிட்டது; ஏரியில் பாதிகூட நீர் இல்லை. வாரத்துக்கு இருமுறை போய்ப் பார்க்கிறேன். சரிவில் கோரை மட்டும் ஆங்காங்கே தலைகாட்டியிருக்கிறது. அதன் பலகையை அங்கே ஊன்றிவிட்டேன். கணுக்களில் சிவப்புள்ள அந்தச் செடியை நூல்களில் தேடினேன், கல்லூரித் தொகுப்பில் தேடினேன், மற்ற ஏரிக்கரைகளிலும் தேடினேன். பூவைக் காணாததால் அதன் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு மொட்டைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை.

அடி அண்ணாமலையில் இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அந்தச் சரிவை அழித்தார்கள் என்பது தவறு. அந்த அம்மாள் நான் எழுதியதைச் சரியாகப் படித்தார். ஐயம் வந்தபோது என்னைக் கேட்கவும் செய்தார். தாள் என்னிடம் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.